டிரிஃப்டர்ஸ் (1929): ஹெர்ரிங் வலைக் காட்சிகளை விளங்கிக்கொண்டு பார்க்க ஓர் இழை

திரைச்சுருள் எழுதியது:

ஜான் கிரியர்சனின் "டிரிஃப்டர்ஸ்" வட கடலில் ஹெர்ரிங் (மத்தி ஜாதி மீன்) பிடிப்பவர்களைப் பற்றிய மௌன ஆவணப்படம். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் 1929 நவம்பர் 10-ஐச் சொல்வார்கள். லண்டன் ஃபிலிம் சொசைட்டியில் ஐசன்ஸ்டைனின் "பேட்டில்ஷிப் பொட்டெம்கின்" என்ற சோவியத் படத்தோடு ஒரே நிகழ்ச்சியில் இதையும் திரையிட்டார்கள், பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கம் அங்கிருந்து கிளம்பியது, இத்யாதி. சரிதான். ஆனால் படத்தில் பாதி நேரம் ஓடுவது வலையும் கயிறும். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

எடுத்த எடுப்பில் மூன்று கேள்விகள். வலையை விட்டு முடித்ததும் முன்பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு, பின்னால் ஒரு சின்னப் பாயை மட்டும் ஏற்றி வைக்கிறார்களே, ஏன்? படகின் மேல்தட்டுக்குக் கீழே ஒரு பையன் விடாமல் கயிறு சுருட்டுகிறானே, அது என்ன வேலை? நீருக்கடியில் சுறா வந்து மீனைக் குதறும் காட்சி நிஜமா, செட்டப்பா?

---

வழிவலை எழுதியது:

முதல் கேள்விக்கு வலையின் அமைப்பிலிருந்து வர வேண்டும்.

இது இழுவை வலை இல்லை, நம்ம வழிவலை ஜாதி. கடலில் நெட்டுக்குத்தாகத் தொங்கும் திரைச்சீலை. ஒரு வலை கட்டி முடித்த நிலையில் சுமார் 32 மீட்டர் நீளம், 13 மீட்டர் போல ஆழம். கண்ணி முடிச்சுக்கு முடிச்சு ஓர் அங்குலம். இப்படி 80 வலையைச் சேர்த்துக் கட்டினால் இரண்டரை கிலோமீட்டர். பெரிய நீராவிப் படகுகள் அதற்கு மேலும் விடும்.

மேல்கயிற்றில் வரிசையாகத் தக்கை. ஆனால் வலையை மொத்தமாகத் தாங்குவது தக்கை இல்லை, நீர்மட்டத்தில் மிதக்கும் கித்தான் பந்துகள். பந்துக்கும் மேல்கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் தொங்குகயிறு. அதை நீட்டினால் வலை ஆழத்துக்குப் போகும், குறைத்தால் மேலே வரும். மீன் எந்த மட்டத்தில் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம்.

பெருங்கயிறு, அதாவது மொத்த வலைத்தொடரையும் படகோடு பிணைக்கிற கயிறு, வலைக்குக் கீழே ஓடுகிறது. ஒவ்வொரு வலையிலிருந்தும் சிறுகயிறுகள் இறங்கி அதில் கட்டப்பட்டிருக்கும். கீழே ஏன்? இரவில் ஏதாவது ஒரு கப்பல் வலைமேல் ஏறிப் போனால் பந்து அறும், மேல்வலை கிழியும். பெருங்கயிறு ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பும். மிச்சத்தை அதைப் பிடித்தே மீட்டுவிடலாம். தவிர அதன் கனமே வலையைக் கீழ்நோக்கி இழுத்து நிமிர்த்தி வைக்கும். ஈயக்குண்டு தேவையில்லை.

வலை விடும்போது படகு காற்று போகிற திசையில் மெல்லப் போகும். கடைசி வலையும் இறங்கியதும் பெருங்கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டு, அணியத்தில் (படகின் முன்முனையில்) கட்டி எஞ்சினை நிறுத்துவார்கள். படகு அரைவட்டம் திரும்பி மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நிற்கும். வலைத்தொடரே அதற்கு நங்கூரம் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இந்த நங்கூரமும் சேர்ந்து நகரும். நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படிப் போகிறதோ அப்படியே வலையும் படகும் ஒன்றாக மிதந்து போகும். அதனால்தான் இரண்டரை கிலோமீட்டர் பருத்தி வலை கிழியாமல் இருக்கிறது.

இப்போது பாய்மரம். முன்மரம் நிமிர்ந்து நின்றால் காற்று அதைப் பிடித்து மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும், படகும் ஆடும். சாய்த்துவிட்டால் முன்பக்கக் காற்றுப்பிடி போய்விடும். பின்பாய் காற்றாடியின் வால் மாதிரி: பின்புறத்தைக் காற்றுப்போக்கில் தள்ளி வைத்து மூக்கை நேராக்கும். மூக்கு விலகினால் பெருங்கயிற்றில் வெடுக்கென்று இழுப்பு விழும். அறுந்தால் அந்த இடத்தில்தான் அறும்.

---

புதுப்படகு எழுதியது:

அறுந்தால் என்ன செய்வார்கள்? 80 வலையும் போச்சா?

---

வழிவலை எழுதியது:

போகாது. எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு மறுகோடிக்குப் போய், கடைசிப் பந்தைப் பிடித்து அங்கிருந்து இழுக்கத் தொடங்குவார்கள். பந்துகளில் சாயம் மாற்றி அடித்திருப்பதும் இதற்கு உதவும். கால்வாசி, பாதி, முக்கால்வாசி என்று வரும் இடங்களில் தனிக்குறி இருக்கும். எத்தனை வலை உள்ளே வந்தது, எத்தனை வெளியே கிடக்கிறது என்று இருட்டிலும் கணக்கு தப்பாது.

உண்மையிலேயே வலை போகிற சந்தர்ப்பம் வேறு: மீன் அதிகமாக விழுவது. பெருங்கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் மாட்டிச் செத்தால் அந்தப் பாரம் பந்துகளை நீருக்குள் இழுத்துவிடும். வலை தரையில் போய்ப் படுத்தால் கேப்ஸ்டன் (கயிறு இழுக்கும் உருளை) இழுக்காது, பருத்தி தாங்காது. ராத்திரி நடுவே ஒரே ஒரு வலையை மட்டும் தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். மீன் ஏறுகிறதா, எவ்வளவு, இப்போதே இழுக்கலாமா, பொறுக்கலாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு.

---

திரைச்சுருள் எழுதியது:

அருமை. அந்தக் கயிற்றுப் பையன்?

---

ஆவிக்குழாய் எழுதியது:

கேப்ஸ்டனைச் சொன்னால்தான் பையன் புரிவான்.

தட்டின் முன்பாதியில் நிற்கும் அந்த உருளை நீராவிக் கேப்ஸ்டன். இங்கிலாந்துக் கிழக்குக் கரைத் துறைமுகமான லோஸ்டாஃப்ட் பக்கத்து பெக்கல்ஸ் ஊர் எலியட் அண்ட் கேரூட் கம்பெனி 1884-இல் கொண்டுவந்த வடிவம். இதில் எஞ்சின் தனியாகக் கிடையாது. உருளையின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். நீராவி நடு அச்சின் வழியாகக் கீழிருந்து மேலேறும். தட்டில் குழாயும் சங்கிலியும் குறுக்கே ஓடாததால் வலைக்கு இடம் கிடைத்தது. பாய்ப்படகு காலத்திலேயே வலை இழுக்க மட்டும் ஒரு சின்னக் கொதிகலன் வைத்து இதை ஓட்டினார்கள். படகே நீராவியில் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1897-இல் லோஸ்டாஃப்டில் இறங்கிய "கன்சொலேஷன்"தான் முதல் நீராவி டிரிஃப்டர் (வழிவலை போடும் படகு). படம் தொடக்க எழுத்து அட்டையில் பழுப்புப் பாயின் காலம் போய் எஃகும் நீராவியும் வந்த கதை என்கிறதே, நடுவில் இந்த 13 வருஷ இடைக்காலம் இருந்தது.

கேப்ஸ்டன் பெருங்கயிற்றை இழுக்கும்போது வலை படகுக்கு வருவதில்லை. படகுதான் வலையை நோக்கி நகர்கிறது. காற்று பலமானால் ஓட்டுநர் எஞ்சினை மெல்ல முன்னோக்கித் தட்டிக் கயிற்றின் இழுப்பைத் தளர்த்துவார். கொஞ்சம் கூடினாலும் வலை படகின் உந்துவிசிறிக்குள் போய்விடும்.

அணியத்தருகே நிற்கிற ஆள், கயிறு மேலே வர வர, ஒவ்வொரு வலையின் சிறுகயிற்றையும் அவிழ்த்து விட வேண்டும். ஒன்று தப்பினாலும் அது பெருங்கயிற்றோடு கேப்ஸ்டனில் சுற்றி வலையைக் கிழிக்கும். அவிழ்ந்த பெருங்கயிறு தட்டிலுள்ள துளை வழியாகக் கீழே கயிற்றறைக்குப் போகும். அங்கேதான் அந்தப் பையன். படகிலேயே இளையவன். பெரும்பாலும் சமையலும் அவன் தலையில்தான்.

எவ்வளவு நீளம் என்று யோசியுங்கள். வலைத்தொடரின் முழு நீளமும், அதாவது இரண்டரை கிலோமீட்டருக்கு மேல், ஈரக்கயிறு. கேப்ஸ்டன் நிற்காதவரை அவனும் நிற்க முடியாது. கயிற்றின் முறுக்குக்கு ஏற்ற திசையில், வட்டம் வட்டமாக, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். திசை மாறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் மாலை வலை விடும்போது கயிறு கண்ணிவிழுந்து துளையில் சிக்கும். ஓடுகிற படகில் அது கையையும் எடுக்கும், காலையும் எடுக்கும். போதாததற்குக் கயிற்றோடு ஒட்டி வரும் சொறிமீன் துணுக்கு வேறு. கையெல்லாம் எரியும், கண்ணைத் தொட்டால் தீர்ந்தது.

கிரியர்சன் மேலே சுழலும் உருளையையும் கீழே சுழலும் பையனையும் மாறி மாறி வெட்டுகிறார். சோவியத் பாணி மான்டாஜ் (ஷாட்டுகளை மோதவிடும் படத்தொகுப்பு) என்று எழுதுகிறார்கள். அது உண்மையில் கயிறு போகிற பாதை. வெட்டு கயிற்றைப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான்.

---

நிலவொளி எழுதியது:

அவ்வளவுதான் என்று ஒதுக்க முடியாது ஐயா. பொட்டெம்கினை அமெரிக்காவில் வெளியிடத் தயார்செய்த வேலையில் கிரியர்சனுக்கும் கை இருந்தது. அந்தப் படத்தை வெட்டு வெட்டாகத் தெரிந்தவர். கயிறு வழியைக் கொடுத்தது, தாளத்தை அங்கிருந்துதான் எடுத்தார். கயிற்றை மட்டும் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரே நீளம் இருக்கும். இழுவை கடுமையாகும்போது ஷாட்டுகள் குறுகுகின்றன, பாருங்கள்.

நீருக்கடிக் காட்சிக்கு வருகிறேன். செட்டப்தான், ஆனால் மீன் நிஜம். பிளிமத் கடல் உயிரியல் ஆய்வு நிலையத் தொட்டிகளில் எடுத்தது. 1929-இல் வட கடலில் இரவில் 10 மீட்டர் ஆழத்தில் படமெடுக்க வழியே கிடையாது. மீனவர்கள் படுத்திருக்கும் அறைக்காட்சிகளும் கரையில் கட்டிய செட்டில் எடுத்தவையே. நிஜ அறையில் கேமராவும் விளக்கும் நுழையாது.

எனக்கு இடறுவது அந்தக் காட்சியில் வலைமீனுக்கு எதிரியாக வரும் கடல்விலாங்கு. நாய்ச்சுறா கூட்டமாக வந்து வலையில் மாட்டிய ஹெர்ரிங்கைக் கடிப்பது அங்கே அன்றாடத் தொல்லை. தலை மட்டும் வலையில் மிஞ்சும், கூடவே கண்ணியும் கிழியும். விலாங்கு அடித்தரையில் பாறை இடுக்கில் கிடக்கிற ஜாதி. நடுநீரில் தொங்கும் வலைக்கு அது எங்கே வந்தது? தொட்டியில் இருந்தது, எடுத்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

---

வழிவலை எழுதியது:

தொட்டி சரி. ஆனால் ஆழத்தைக் கணக்குப் போடுங்கள். தொங்குகயிறு 4 மீட்டர் என்று வைத்தாலும் வலை 13, மொத்தம் 17 மீட்டர். யார்மத், லோஸ்டாஃப்ட் பக்கம் கடல் பல இடங்களில் 30, 40 மீட்டர்தான், மணல்மேடுகளில் இன்னும் குறைவு. விலாங்கும் இரவில்தான் இரை தேடக் கிளம்பும். அதனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். படத்தில் வருகிற அளவுக்கு வழக்கமான எதிரி அது இல்லை, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

---

புதுப்படகு எழுதியது:

இரவில் எடுக்க முடியாது என்றால் இழுக்கிற காட்சியில் வெளிச்சம் எப்படி?

---

திரைச்சுருள் எழுதியது:

ஒன்று, வலை இழுப்பது நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடிந்த பிறகும் நீளும். நல்ல பாடு (மீன் வரத்து) விழுந்தால் எட்டு மணி நேரம்கூட ஆகும். இரண்டு, படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகள். அங்குள்ள லெர்விக் ஊர் 60 டிகிரி வடக்கு. ஜூனில் அங்கே இரவு முழுக்க அந்தி மங்கல்தான், இருட்டே விழாது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஷெட்லாந்து பருவம் கோடையில், யார்மத்-லோஸ்டாஃப்ட் பருவம் அக்டோபர், நவம்பரில். ஹெர்ரிங் கூட்டம் ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு மாதம் கூடும், படகுகளும் அதன்படி தெற்கே இறங்கும். படம் இந்த இரண்டையும் ஒட்டி ஒரே பயணம் போலக் காட்டுகிறது. வானத்தையும் துறைமுகத்தையும் கவனித்தால் ஒட்டு தெரியும்.

---

பனிச்சங்காய் எழுதியது:

யாரும் தொடாத ஒரு விஷயம்: அந்தத் தொடக்க அட்டையின் "பழுப்பு". பாய் ஏன் பழுப்பு?

காசுக்கட்டி. வெற்றிலையோடு போடுகிறோமே, அதே சரக்கு. கருங்காலி மரத்தின் வைரத்தைச் சீவி, நீரில் கொதிக்க வைத்து, வற்ற வைத்துக் கட்டியாக்கியது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி பிரிட்டன் மீன்பிடித் துறைமுகங்களுக்குப் போனது. பாய் மட்டுமில்லை, வலைக்கும் இதுதான். பேரரசுச் சரக்கின் விற்பனையை வளர்க்க பிரிட்டிஷ் அரசு அமைத்த எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு காசில் எடுத்த படத்தில் பேரரசுச் சரக்கு வலை வலையாகத் தொங்குகிறது. கருப்பு வெள்ளையில் அது வெறும் சாம்பல் நிறம்.

வேலை முறை: புதுப் பருத்தி வலை வெள்ளையாக வரும். அதை முதலில் ஆளிவிதை எண்ணெயில் ஊறப்போட்டு, வடியவிட்டு, விரித்துக் காய வைப்பார்கள். விரிக்காமல் குவித்து வைத்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறும், தீயே பிடிக்கும். பிறகு சுடுநீரில் கரைத்த காசுக்கட்டிச் சாறு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் நூலிழையில் படிந்து, பருத்தியைத் தின்னும் பாக்டீரியாவைத் தடுக்கும். ஆனால் நிரந்தரமில்லை, கடல்நீர் கழுவிக்கொண்டே இருக்கும். அதனால் பருவத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சாயம் ஏற்றணும். டச்சுக்காரர்கள் மயில்துத்தத்தையும் அம்மோனியாவையும் சேர்த்து அதை நூலில் கட்டிப்போடும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

தப்பு நடக்கிற இடம் இரண்டு. சாயம் குறைந்தால் வலை உளுத்துப்போகும். மேலே முழுசாகத் தெரியும், பாரம் ஏறும்போதுதான் பொலபொலவென்று விடும். அளவுக்கு மீறினால் நூல் விறைத்துக் கம்பியாகும். ஹெர்ரிங் தலையை நுழைத்துச் செவுள் மாட்ட வேண்டிய வலை இது. கண்ணி விறைப்பாக இருந்தால் மீன் முட்டிவிட்டுத் திரும்பிவிடும்.

இங்கே கடற்கரையில் பருத்தி, சணல் வலைக் காலத்தில் பனிச்சங்காய்ச் சாற்றை ஏற்றினார்களே, தத்துவம் ஒன்றுதான், துவர்ப்பு. நைலான் வந்ததும் இரண்டு கரையிலும் அண்டாவைக் கவிழ்த்தாயிற்று.

---

நிலவொளி எழுதியது:

இது தெரியாமல் அந்த அட்டையை எத்தனை முறை கடந்திருக்கிறேன்! போர்டு ஏன் ஹெர்ரிங்கைத் தேர்ந்தது என்பதற்குச் சொல்லும் காரணம் வேறு. நிதித்துறையில் பணம் ஒதுக்கும் இடத்தில் இருந்த ஆர்தர் மைக்கேல் சாமுவேல் ஹெர்ரிங் மீன் பற்றி நூலே எழுதியவர். அவர் மறுக்க முடியாத தலைப்பாகப் பார்த்துப் பிடித்தார்கள்.

---

உப்புப்பீப்பாய் எழுதியது:

கரைக்காட்சிகளைப் படம் வேகமாக ஓட்டிவிடுகிறது. எனக்கு அதுதான் குறை. ஹெர்ரிங்கில் காசே அங்கேதான்.

அளவு "கிரான்". 37.5 காலன் கொள்ளளவு, நம்ம கணக்கில் 170 லிட்டர். எடை 178 கிலோ போல. மீனின் பருமனைப் பொறுத்து 1,000, 1,200 மீன் பிடிக்கும். படகிலிருந்து தூக்குகிற கூடை கால் கிரான், அதாவது ஏறக்குறைய 45 கிலோ. ஏலம் முழு மீனைப் பார்த்து நடக்காது. மாதிரிக்குக் கொஞ்சம் மீனைக் கொட்டிக் காட்டுவார்கள், விலை படியும், பிறகுதான் இறக்குவது.

அடுத்து பெண்கள். மூன்று பேர் ஒரு குழு: இருவர் குடல் எடுப்பவர், ஒருவர் அடுக்குபவர். விரல்களில் துணிக்கீற்று சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். உப்பும் கத்தியும் சேர்ந்து விரலைத் தின்றுவிடும். குட்டைக் கத்தியைத் தொண்டையில் செருகி ஒரே சுழற்றில் செவுளும் குடலும் வெளியே. அதே வீச்சில் மீனைப் பருமன் வாரியாகத் தொட்டி பிரித்துப் போட வேண்டும். வேகமான கை நிமிடத்துக்கு 60 மீன் வரை போகும் என்பார்கள்.

கவனியுங்கள்: வயிற்றைக் கிழிப்பதில்லை. தொண்டை வழியாக இழுக்கும்போது குடலை ஒட்டிய சின்னப் பைகளின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். அது அரைகுறை வேலை இல்லை. அங்கே ஊறும் நொதிகள்தான் உப்புக்குள் மீனைப் பதப்படுத்தி மிருதுவாக்குகின்றன. சுத்தமாக வழித்தால் கல் மாதிரி உப்பு மீன்தான் கிடைக்கும். சினையும் விந்துப்பையும் உள்ளேயே இருக்கும்.

பீப்பாயில் தலை ஓரத்துக்கு, வயிறு மேல்நோக்கி, அடுக்குக்கு அடுக்கு குறுக்காக, நடுநடுவே உப்பு. ஒரு பீப்பாய்க்கு 700 முதல் 1,000 மீன். எட்டு, பத்து நாளில் மீன் தன் நீரை விட்டுச் சுருங்கி இறங்கும். அப்போது உப்புநீரை வடித்து, அதே தர மீனால் மேலே நிரப்பி, மூடி, பக்கத்துளை வழியாக அந்த உப்புநீரையே திரும்ப ஊற்றுவார்கள். இந்த நிரப்பலில்தான் ஏமாற்று நடக்கும், அடியில் பெரிசு மேலே சிறிசு. ஸ்காட்லாந்தில் அரசு அதிகாரி பீப்பாயைத் திறந்து பார்த்து முத்திரை குத்தும் முறை இருந்தது இதற்காகத்தான். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் வாங்குபவன் பீப்பாயைத் திறக்காமல் முத்திரையை நம்பித்தான் காசு கொடுத்தான்.

முதல் உலகப்போரும் ரஷ்யப் புரட்சியும் அந்தச் சந்தையை உடைத்தன. 1913-தான் உச்சம். ஆக, 1929-இல் கேமரா எஃகும் நீராவியும் என்று கொண்டாடும்போது தொழில் ஏற்கெனவே இறங்குமுகம். படத்தில் பீப்பாய் ஏறும் கப்பலைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

---

புதுப்படகு எழுதியது:

படம் அதை மறைத்தது என்கிறீர்களா அண்ணே?

---

உப்புப்பீப்பாய் எழுதியது:

விற்பனையை வளர்க்க அமைத்த போர்டு எடுத்த படம். சந்தை போச்சு என்று அட்டை போடுவார்களா? மறைத்தது என்பதைவிட, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மீனே போன கதை பிற்பாடு. டிரிஃப்டரை அடுத்து வந்த இழுவை வலையும் சுருக்கு வலையும் அள்ளியதில் வட கடல் ஹெர்ரிங் சரிந்து 1977-இல் பிடிக்கவே தடை வந்தது. அந்த ஓர் அங்குலக் கண்ணியில் சின்ன மீன் புகுந்து போய்விடும், பெரிய மீனே மாட்டும். சுருக்கு வலைக்கு அந்தப் பேதம் இல்லை.

---

திரைச்சுருள் எழுதியது:

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இணையத்தில் நீளம் வேறு வேறான பிரதிகள் இருக்கின்றன. காட்சி குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம், முதலில் ஓட்டவேகத்தைப் பாருங்கள். மௌனப்படம், நிலையான வேகம் கிடையாது. 35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 சட்டகம். விநாடிக்கு 24 சட்டகத்தில் 49 நிமிடம் ஓடுகிற அதே சுருளை 20-இல் ஓட்டினால் 59 நிமிடம் வரும்.

எது சரி என்று கண்டுபிடிக்க ஆட்கள் நடப்பதைப் பார்க்காதீர்கள். ஆடும் தட்டில் எல்லாரும் விசித்திரமாகத்தான் நடப்பார்கள். அணியத்தில் மோதித் தெறிக்கும் நீர் கீழே விழுவதைப் பாருங்கள். படபடவென்று விழுந்தால் வேகம் கூடுதல்.

---

ஆவிக்குழாய் எழுதியது:

நீர் நல்ல அளவுகோல். கேப்ஸ்டனை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். கயிற்றில் பாரம் ஏறினால் அதன் வேகம் தானே விழும், பாரம் விட்டதும் பறக்கும். ஒரே ஷாட்டுக்குள் வேகம் மாறுவதைப் பார்த்து, வெட்டி ஒட்டிய பிரதி என்று நினைத்துவிடப் போகிறீர்கள்.